ஆண்டர்சன் தெருவில் அரை ரீம்

ஞாயிறு, இரவு, பொதிகை எக்ஸ்பிரஸ்

தென்காசியில் ஏறிப் படுக்கையைப் போட்டாயிற்று. சென்னைக்கு என்ன வேலையாக என்று கேட்டவர்களிடமெல்லாம் நோட்டு வாங்கப் போகிறேன் என்றே சொன்னேன். உண்மையும் அதுதான்.

கதையோ கட்டுரையோ, முதல் படியை நான் பேனாவால்தான் எழுதுகிறேன். முழுக்க ஒரு தடவை நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் கணினிப் பக்கம் போவது. எங்கள் ஊரில் அச்சகத்தோடு பைண்டிங்கும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் எனக்கென்று தைத்துத் தந்த நோட்டுகளிலேயே இத்தனை காலமும் ஓடியது. அவர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு ஓசூரில் போய் இருக்கிறார். கைவசம் உள்ள கடைசி நோட்டு நிரம்பப்போகிறது. நாவலோ பாதியில் நிற்கிறது.

கடை நோட்டில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். வீட்டில் மர அலமாரி நிறைய நோட்டுகள்: நாலு வரி நோட்டு, ஒரு குயர் நோட்டு, சிவகாசி டைரிகள், நண்பர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு அட்டைக் குறிப்பேடுகள். எல்லாமே எனக்குப் பிரியமானவை. ஆனால் தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். மேல் வரியில் ஒரு ‘ழு’ விழுந்து, அதற்கு நேர்கீழே ‘கீ’ வந்தால், ஒன்றின் வாலும் மற்றதன் சுழியும் முட்டிக்கொள்கின்றன. ஆங்கில எழுத்துக்கென்று 6, 7 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட வெளிநாட்டு நோட்டில் என் கையெழுத்து குறுகிப்போகிறது. எழுத்து குறுகினால் வாக்கியமும் குறுகும். இது எனக்கு நிச்சயம். அதனால் கோடு போடாத வெள்ளைத்தாளை டெம்மி அளவில் தைத்து வாங்கி, அடியில் கோட்டுத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம்.

அந்த நோட்டை இனி நானேதான் செய்வித்துக்கொள்ள வேண்டும். காகிதம் பாரிமுனையில், பைண்டிங் திருவல்லிக்கேணியில் என்று கணக்கு.

திங்கள்

எழும்பூரில் இறங்கி வெளியே வந்ததும் எதிரே ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடம். 1909இல் கட்டி முடித்தது. கும்பெனிக் காலத்திலிருந்து எழுதிச் சேர்த்த காகிதம் அத்தனையும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்கிறேன்.

திருவல்லிக்கேணியில் சித்தி வீடு. “ஏட்டி, நோட்டு வாங்கவா ராத்திரி பூரா ரயில்ல வந்த?” என்று கேட்டாலும், என்னைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அவர்தான். சித்தியிடம் ஸ்ரீராமஜெயம் எழுதி முடித்த நோட்டுகள் டிரங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. கட்டத்துக்கு ஒன்றாக எழுதுவார். நீல மை மட்டும்தான். எந்த நோட்டை எந்த மாதத்தில் முடித்தார் என்று முதல் பக்க மூலையில் குறித்திருப்பார்.

சாப்பிட்டதும் பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் போய் அங்கிருந்து நடந்தேன். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ளே போகிற தெருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சரக்குக்கு. ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகித மொத்த வியாபாரமும் அடுத்தடுத்து இருக்கும். பள்ளி திறக்கும் சமயம் என்பதால் தெருவே மூச்சுத் திணறியது. பழுப்புத் தாளில் சுற்றிய ரீம்களை அடுக்கிக்கொண்டு மீன்பாடி வண்டிகள் வருகின்றன, கை வண்டிகள் போகின்றன. டஜன் கணக்கில் கட்டிய நோட்டுகளைத் தலையில் வைத்து ஒருவர் ஓடுகிறார். புதுக் காகித வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மொத்தக் கடையில் சில்லறையாகக் கேட்டால் முதலில் கையை விரிப்பார்கள். நான் பேனாவை எடுத்து வைத்தேன். “மாதிரித் தாள் ஒண்ணு கொடுங்க, எழுதிப் பாத்துட்டு எடுத்துக்கறேன்” என்றதும் கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இங்க் பேனாவாம்மா?” என்றார். அதற்கப்புறம் அவரே எழுந்து வந்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாள் உருவிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுதிப் பார்க்கிற சொற்கள் எப்போதும் ஒன்றேதான்: ஞானம், வண்ணம், கிழங்கு. ண, ஞ, ழ மூன்றிலும் சுழி இருக்கிறது. மை ஊறுகிற தாள் என்றால் முதலில் அடைபடுவது அந்தச் சுழிதான். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, எழுதியதை விரலால் தடவி மை எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பார்ப்பேன்.

ஜிஎஸ்எம் கூடினால் தாள் நல்லது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது மட்டும்தான் ஜிஎஸ்எம். மை ஊறுவதும் ஊறாததும், தாள் செய்யும்போது சேர்க்கிற மாவுப்பசையையும் பிற சரக்குகளையும் பொறுத்தது. என்னிடம் ஜப்பானின் டோமோ ரிவர் தாளில் செய்த குறிப்பேடு ஒன்று இருக்கிறது. 52 ஜிஎஸ்எம்தான், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். அதில் எவ்வளவு கொட்டி எழுதினாலும் மை பின்பக்கம் இறங்காது. இங்கே 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் எழுதினால், ஓரமெல்லாம் ரோமம் முளைத்த மாதிரி பரவுகிறது. ஜெராக்ஸ் தாள் மெஷினுக்காகச் செய்தது. பேனாவுக்கு எழுதுதாள்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் தேர்ந்தது நம் ஊர்த் தாளே: கரூர் பக்கம் புகளூரில் செய்கிறார்களே, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, அதன் 70 ஜிஎஸ்எம் எழுதுதாள். 1979இல் அரசு தொடங்கிய ஆலை. கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுப்பது அதன் சிறப்பு. மரத்தை மட்டும் நம்பியிராமல், சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்து ஒதுக்கிய சக்கையை வாங்கித் தாள் ஆக்குகிறார்கள். நான் சோதித்த கட்டில் சுழிகள் மூன்றும் திறந்தே இருந்தன. லேசான மஞ்சள் சாயல் வேறு; ராத்திரி விளக்கில் கண்ணை உறுத்தாது.

அப்புறம் ஒரு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. காகிதம் மெஷினில் ஓடும்போது அதன் நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுக்கின்றன. நோட்டின் முதுகுக்கு இணையாக அந்த நார் போனால்தான் பக்கம் திறந்தபடி படுத்துக்கிடக்கும். குறுக்கே போனால் விறைத்துக்கொண்டு தானாக மூடும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மடிப்பு விழாமல் வளைத்துப் பார்த்தால், எதிர்ப்பில்லாமல் வளைகிற பக்கம் நாரின் பக்கம். டெம்மித் தாள் 22½ அங்குலத்துக்கு 17½ அங்குலம். மூன்று முறை மடித்தால் எட்டு இலை, 16 பக்கம். அது ஒரு ஃபாரம். அந்த மடிப்புக்கு, நார் 17½ அங்குலப் பக்கத்தின் போக்கில் ஓட வேண்டும். கடைக்காரர் நான் வளைத்துப் பார்ப்பதைக் கண்டு, உள்ளே போய் வேறொரு கட்டைக் கொண்டுவந்தார். அதுதான் சரியாக இருந்தது.

ஒரு ரீம் என்றால் 500 தாள். 70 ஜிஎஸ்எம் டெம்மியில் அது 9 கிலோவுக்கு அருகே வரும். எனக்கு அரை ரீம் போதும். நோட்டுக்கு 12 ஃபாரம், 192 பக்கம் என்று வைத்தால் 20 நோட்டு. அவர் கட்டைப் பிரித்து 250 எண்ணிக் கொடுத்தார். இந்த நெரிசலில் அப்படிச் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மடங்காமல் அட்டை வைத்துக் கட்டி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்

பைண்டிங் கடை பெரிய தெருவை ஒட்டிய சந்தில். வாசல் அகலமே ஆளகலம்தான். உள்ளே மர மேசை, இரும்புப் பிரஸ், நூல்கண்டுகள், பசைச் சட்டி. வக்கீல் புத்தகங்களும் ஆடிட்டர்களின் கணக்குகளும் தைத்துத் தைத்துக் கைவிரல் காய்த்துப்போன பெரியவர். எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

“ஸ்பைரல் போட்டுடலாமாம்மா, அரை மணி நேர வேலை” என்றார் முதலில். தையல்தான் வேண்டும் என்றேன். “நூல் தையலா? அப்ப உக்காருங்க” என்று முக்காலியைத் தள்ளிவிட்டார்.

பாய் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தாளை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, மூங்கில் பட்டையால் ஒரே இழுப்பு. மடிப்பு கத்திபோல விழுகிறது. பன்னிரண்டு ஃபாரம் சேர்ந்ததும் தட்டிச் சீராக்கிப் பிரஸ்ஸில் இறுக்குகிறார். பிறகு முதுகில் சிறு ரம்பத்தால் கீறல் போடுகிறார். ஊசி நுழைய வேண்டிய இடங்கள் அவை. மெழுகு தேய்த்த நூல், ஃபாரத்தின் நடு மடிப்புக்குள் போய், முதுகில் உள்ள நாடாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த ஃபாரத்துக்குள் நுழைகிறது. ஒவ்வொரு ஃபாரமும் முந்தியதோடு முடிச்சுப் போட்டுக்கொள்வதால், நடுவில் ஒரு தாள் கிழிந்தாலும் நோட்டு உதிராது. வெறும் பசையால் முதுகை ஒட்டுகிற நோட்டு அப்படியல்ல. இரண்டு கோடையில் பசை காய்ந்து வெடித்துத் தாள் தாளாகக் கையில் வரும். எனக்கு அப்படிப் போன நோட்டுகள் உண்டு. ஒரு குறுநாவலின் மூன்றாம் அத்தியாயத்தை இன்னும் கிளிப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

பசை மைதாவில் காய்ச்சியது, கொஞ்சம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கலந்து. “பூச்சி வராது, எலியும் கிட்ட வராது. கொளந்தைங்க கைல மட்டும் படக்கூடாது” என்றார். அந்த நீலச்சாயல் பசையில் தெரிந்தது.

அட்டைக்கு மில்போர்டு என்கிற கெட்டி அட்டை, முதுகுக்குக் கறுப்புக் காலிகோ துணி, மூலைகளுக்கும் அதுவே. அட்டையின் உள்பக்கத்து ஒட்டுத்தாளுக்குக் கெட்டியாக ஏதாவது நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, பசை காய்கிற வரை பிரஸ்ஸிலிருந்து எடுக்க மாட்டேன், சனிக்கிழமை வாருங்கள் என்றார். அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

புதன்

சௌகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் மார்வாடிகளின் கணக்கு நோட்டு விற்கிற கடையைத் தேடிப் போனேன். சிவப்புத் துணி அட்டையில் வெள்ளை நூலால் அலங்காரத் தையல் போட்டு, கட்டிவைக்கக் கயிறும் சேர்த்த நீளமான நோட்டு, பஹி என்பார்கள். புத்தகம்போலப் பக்கவாட்டில் திறக்காது, மேல்நோக்கித் திறக்கும். பழைய முறைப் பஹியில் கோடே கிடையாது. தாளை வரிசையாக மடித்துப் பிரித்திருப்பார்கள், அந்த மடிப்புத் தடங்களே வரவுக்கும் செலவுக்கும் பத்திகள். மையில்லாமல் கோடு போடுகிற அந்த யோசனையை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். தீபாவளிக்குப் பூஜை போட்டுப் புதுக் கணக்கு தொடங்குவது அவர்கள் வழக்கம். நம் கடைக்காரர்கள் பேரேட்டின் மூலைகளில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடுவதும் இதே மரியாதைதான். சின்ன அளவு பஹி ஒன்று வாங்கிக்கொண்டேன். நாவலில் ஒரு ரேஷன் கடை எடையாளர் வருகிறார். அவர் கணக்கையெல்லாம் இதில் எழுதிப் பார்க்கப்போகிறேன்.

கணக்கு நோட்டைக் கையில் பிடித்தால் எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வராமல் இருக்காது. 1709இல் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்குப் போய், பிற்பாடு பிரெஞ்சுக்காரர் துய்ப்ளே கவர்னராக இருந்தபோது அவரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். வியாபாரி. 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும் காலம் வரை எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, எல்லாம் அதில் உண்டு. கணக்கு எழுதுகிற கைதான் அந்த நாட்குறிப்பையும் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது: நாள், நேரம், ஆள், தொகை. அவர் போன நாலாம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அந்த நோட்டுகள் அப்புறம் எண்பது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1846இல்தான் வெளிப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டது. நாணயம் அடித்த தங்கசாலைக் கட்டடம்தான் பிற்பாடு அரசு அச்சகமானது. அந்தப் பக்கமாகவே நடந்து திரும்பினேன்.

நாளைக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதியிருந்தால் பிள்ளை இவ்வளவு எழுதியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிவைக்க ஒரு நோட்டு திறந்திருந்தது, எழுதினார்.

வியாழன்

காலையிலேயே மவுண்ட் ரோடு பக்கம் போய்ப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் வாங்கினேன். 1959இலிருந்து அங்கே செய்கிறார்கள். மரக்கூழ் இல்லை, பருத்தித் துணிக் கழிவுதான். இதில் எழுதினால் நிப்பில் நார் சிக்கும். அதனால் எழுதுவதற்கு வாங்குவதில்லை. ஒட்டுத்தாளுக்கு இதைவிட வலுவானது கிடையாது. நடுவில் பூ இதழ் தெரிகிற மாதிரியும் இருந்தது, எனக்கு வேண்டாம். இஞ்சி நிறத்தில் எடுத்துப் போய்ப் பாயிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல சரக்கு” என்று மட்டும் சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் சேப்பாக்கம் வரை நடை. பல்கலைக்கழக நூலகத்தில் ராமானுஜனின் நோட்டுகள் இருக்கின்றன. அசலைப் பார்க்க நான் கேட்கவில்லை, அது கணிதம் தெரிந்தவர்களுக்குச் சேர வேண்டிய நேரம். 1957இல் டாடா ஆராய்ச்சி நிலையம் கையெழுத்துப் படியாகவே அச்சிட்ட தொகுதிகளை முன்பு புரட்டியிருக்கிறேன். கணக்கு புரியாவிட்டாலும், அந்தப் பக்கங்களில் கை எங்கே வேகமெடுத்தது, எங்கே நிதானித்தது என்பது எனக்கும் தெரிந்தது.

அவர் இதே திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காகிதம் வாங்கிக் கட்டுபடியாகாது என்று சிலேட்டில் போட்டுப் பார்ப்பார். துணியெடுத்துத் துடைக்கவும் பொறுமையிருக்காது, முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். வழியெல்லாம் சிலேட்டோடு அழிந்துபோக, முடிவுகள் மட்டும் நோட்டில் நின்றன. அந்த முடிவுகளுக்கு வழி கண்டுபிடிக்கக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவருடைய இன்னொரு தாள் கட்டை 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அது நூற்றுச் சொச்சம் பக்கம். அதற்கும் அதே உழைப்பு.

எங்கள் அண்ணாச்சி தைத்த நோட்டுகளில் நான் அடித்ததும் திருத்தியதும் ஓரத்தில் கேள்வி போட்டதும் அப்படியே கிடக்கின்றன. முப்பது வரி அடித்து ஒரு வரி எழுதியிருக்கிறேன் என்றால் அந்த முப்பதும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. காகிதம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பதால் நமக்கு வாய்த்திருக்கிற பெரிய வசதி இது. அதனாலேயே நான் அழிப்பான் பக்கம் போவதில்லை.

வெள்ளி

ஊர் சுற்றவில்லை. கபாலி கோயில், சித்தியோடு. வாடகை, மருந்து என்று வீட்டு வேலைகள்.

சனி

நோட்டுகள் தயார். இருபதும் மேசைமேல் அடுக்கியிருந்தன. பாய் ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து வைத்தார்; கையை எடுத்தார்; பக்கம் அசையவில்லை. “பாத்தீங்களா” என்றார். புது நோட்டைப் பழக்கும் விதத்தையும் சொல்லித் தந்தார். முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து நாலைந்து தாள், பின்பக்கத்திலிருந்து நாலைந்து தாள் என்று மாறி மாறித் திறந்து மெதுவாக நீவிவிட வேண்டும். ஒரேயடியாக நடுவில் பிளந்து அமுக்கினால் தையல் தளர்ந்துவிடும். ஓரங்களைக் கட்டிங் மெஷினில் வெட்டியதால் விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது. கைத்தாள் ஒட்டிய உள்ளட்டை சொரசொரப்பாக இருக்கிறது. இரண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பக்க எண். நாவலுக்கு ஆறு நோட்டு ஒதுக்கினேன், எண் தொடர்ச்சியாக ஓடும். ஒன்று பேச்சு வழக்குகளுக்கு. பஸ்ஸிலும் கடையிலும் காதில் விழுந்ததை அன்று ராத்திரியே எழுதிவிடுவேன். கடைசி எட்டுப் பக்கத்தை ஒவ்வொன்றிலும் காலியாக விட்டிருக்கிறேன், பெயர்களின் பட்டியலுக்கும் அத்தியாயக் குறிப்புக்கும். எந்தச் சம்பவம் எந்தப் பக்கம் என்று அங்கே எழுதிவைக்காவிட்டால் நாலாம் நோட்டுக்கு வரும்போது முதல் நோட்டில் தேடுவதற்கே பொழுது போய்விடும்.

சித்தி ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். “தாளு நல்லாத்தான் இருக்கு. கட்டம் இல்லையேட்டி” என்றார். திரும்பவும் சந்துக்குப் போய்க் கேட்டேன். கட்டம் போட ரூலிங் மெஷின் வேண்டும், ராயப்பேட்டையில் தெரிந்த ஆள் இருக்கிறார், தாளை முன்கூட்டியே கொடுத்தால் கோடு போட்டு வாங்கித் தைத்துத் தருகிறேன் என்றார் பாய். கட்டத்தின் அளவு என்ன என்று கேட்டார். சித்தியின் பழைய நோட்டில் ஒரு தாளை அளந்து, நீள அகலம் எழுதி, நீல மை நன்றாகத் தெரிகிற மாதிரி கோடு வெளிர்சிவப்பில் இருக்கட்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்தாயிற்று. தாள் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குச் சித்தியே போய் வருவதாகச் சொல்கிறார். எந்தக் கடை, எந்தக் கட்டு, எப்படி வளைத்துப் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி அவர் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். ராத்திரி பொதிகையில் ஊருக்கு.